அந்நியர் குடியேற்றமும் மாநிலங்களும்: அஸ்ஸாம் காட்டும் பாடம்

தமிழ்நாட்டில் பிறந்து மும்பையிலோ கொல்கத்தாவிலோ தில்லியிலோ வாழ்க்கை நடத்தும் ஒருவர், அங்கே குடியிருப்பதற்கு எவரிடமும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதில்லை. இந்திய அரசியல் சட்டத்தின் 19-ஆவது ஷரத்து, நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும் எப்பகுதியிலும் தங்கிக் குடியேறவும் குடிமக்கள் அனைவர்க்கும் உரிமை அளித்திருக்கிறது. பொது நலத்தையும் பழங்குடி மக்களின் நலத்தையும் கருதி நியாயமான வரம்புகள் விதிக்கலாமேயன்றி, அவ்வுரிமையை எந்த மாநிலமும் பறித்துவிட இயலாது. ஆனால் அது குடிமக்களுக்கு மட்டுமே உரியது. நாட்டின் எல்லையைக் கடந்து, உரிய சீட்டின்றி வந்து குடியேறும் அந்நியருக்கு அவ்வுரிமை இல்லை.

ஏட்டில் இவ்விரு சாராருக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவானது. தெருவில் அது அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. புதிதாக வந்த ஒருவனைக் காணும் உள்ளூரார், அவன் குடிமகனா அந்நியனா என்று முதலில் ஆராய்வதில்லை. அவனது பேச்சு தம்முடைய பேச்சன்று என்பதையே முதலில் உணர்கின்றனர். ஆகவே, அந்நியர் குடியேற்றத்தை மாநிலங்கள் எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்ற விவாதம் எல்லைப்புற மாநிலங்களுக்கு மட்டும் உரியதன்று. சொந்த மாநிலத்துக்கு வெளியே வாழும் நேயர்கள் அனைவரும் அதன் வரலாற்றை அறிந்திருத்தல் நலம். அவ்வரலாறு மிக விரிவாக நடந்தேறிய இடம் அஸ்ஸாம்.

முதலில் சட்டத்தின் அமைப்பைக் காண்போம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, அதிகாரங்களை மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. குடியுரிமை, அந்நியர், நாட்டினுள் வருவோரை அனுமதித்தல், நாட்டிலிருந்து வெளியேற்றுதல், பாஸ்போர்ட்டு, விசா ஆகிய யாவும் மத்தியப் பட்டியலில் உள்ளன. இதற்குக் காரணம் வெளிப்படை. ஒரு மனிதனை நாடு கடத்துவதென்றால், அவனை ஏற்றுக்கொள்ள மற்றொரு நாடு இசைய வேண்டும். அயல் நாடுகளுடன் பேசும் உரிமை தேசத்துக்கு உண்டே தவிர, மாநிலத்துக்கு இல்லை. ஆனால் பொது அமைதி, போலீஸ், நிலம், பொதுச் சுகாதாரம் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. வந்தவர் வயலில் இறங்கினால் தகராறு நிலத்தைப் பற்றியது. கைகலப்பு நேர்ந்தால் அது போலீசாரின் வேலை. நோய் பரவினால் மாநில மருத்துவமனையின் வேலை. ஆக, தடுக்கும் அதிகாரம் ஓரிடத்திலும், தாங்கும் பாரம் மற்றோரிடத்திலும் அமைந்துவிட்டன. கடந்த முக்கால் நூற்றாண்டு விவாதத்தின் வேர் இதுவே.

அஸ்ஸாமில் இவ்விவாதம் இந்தியா விடுதலை அடைவதற்கு முன்னரே தோன்றியது. 1826-ஆம் ஆண்டின் யாண்டபு உடன்படிக்கைக்குப் பின்னர் அந்நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1874-ல் அது வங்காளத்தினின்று பிரிக்கப்பட்டுத் தனி மாகாணமாக்கப்பட்டபோது, மக்கள் நெருக்கமும் வருவாயும் மிக்க வங்காளி மாவட்டமாகிய சில்ஹெட் அதனுடன் இணைக்கப்பட்டது. பிரம்மபுத்திராவின் இரு கரைகளிலும், ஆற்றின் நடுவேயுள்ள மணல் திட்டுகளிலும் உழப்படாத நிலம் மிகுதியாகக் கிடந்தது. கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் முதலிய மாவட்டங்களிலோ நிலத்தின்மீது மக்கள் பாரம் தாங்க முடியாததாயிருந்தது. நிலவரி வருவாயை விரும்பிய ஆட்சியாளர், அங்குள்ள உழவர் இங்கு வருவதை ஊக்குவித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவ்வுழவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, காடு திருத்தி, சணலும் நெல்லும் விளைவித்தனர். அந்நாளில் அவர்கள் எந்த நாட்டு எல்லையையும் கடந்து வந்தவரல்லர். ஒரே சாம்ராஜ்யத்தின் பிரஜைகள், ஒரு ஜில்லாவிலிருந்து மற்றொரு ஜில்லாவுக்குச் சென்றனர், அவ்வளவே. பிற்காலத்தில் அவர்களுடைய பேரர்களிடம் சான்று கேட்கப்பட்டபோது, இந்த உண்மையே பெருஞ்சிக்கலாக வந்து நின்றது.

உள்ளூர் மக்களிடையே அச்சம் எழுந்தது. தம் நிலமும் மொழியும் தம்மை விட்டுப் போய்விடுமோ என்று அவர்கள் கலங்கினர். அதற்கு மாகாண நிர்வாகம் கண்ட முதல் மருந்து, 1920-ல் நடைமுறைக்கு வந்த ‘கோட்டு முறை’. நவ்காங் முதலிய மாவட்டங்களில் கிராம நிலத்தின் குறுக்கே கோடு கிழித்து, இந்தப் பக்கம் குடியேறியவர்க்கு, அந்தப் பக்கம் உள்ளூரார்க்கு, இப்பகுதி இருவர்க்கும் பொது என்று வரையறுத்தனர். இன்று நாம் கேட்கும் வாதங்கள் அனைத்தும் அந்தக் கோட்டைச் சுற்றியே முதன்முதலில் எழுந்தன. கோடு இல்லையேல் எளிய உள்ளூர் உழவன் கடனுக்கும் ஆசைக்கும் நிலத்தை விற்றுவிட்டு அநாதையாவான் என்றனர் ஒரு சாரார். உழைத்துப் பொன் விளைவிக்கும் மனிதனைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்துவது அநீதி என்றனர் மற்றொரு சாரார். சட்டசபையில் மௌலானா பாஷானி இக்கட்சியை வன்மையாக எடுத்துரைத்தார். 1937-ல் ஆராய்ச்சிக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை மேற்பார்த்த முல்லன் என்னும் அதிகாரி, இக்குடியேற்றத்தைப் படையெடுப்புக்கு ஒப்பிட்டுத் தமது அறிக்கையில் எழுதினார். அரசாங்க அறிக்கையில் ஏறிய அந்த உவமை, அதன் பின்னர் மேடையை விட்டு இறங்கவேயில்லை.

1947-ல் தேசம் பிரிவினையுற்றது. பொதுஜன வாக்கெடுப்பின்படி சில்ஹெட்டின் பெரும்பகுதி பாகிஸ்தானைச் சேர்ந்தது. நேற்றுவரை மாவட்ட எல்லையாக இருந்தது, இன்று சர்வதேச எல்லையாயிற்று. கிழக்கு வங்காளத்திலிருந்து கலவரத்துக்கு அஞ்சி வந்த இந்துக்கள் ஒரு புறம்; வழக்கம்போல் நிலம் நாடி வந்த உழவர்கள் மறு புறம். தம் மாநிலம் இனியும் தாங்காது என்று முதலமைச்சர் கோபிநாத் பர்தலாய் மத்திய அரசாங்கத்திடம் முறையிட்டார். நாடெங்கும் அகதிகளின் துயரைத் துடைக்கும் கடமை உடைய மத்திய அரசாங்கமோ, ஒரு மாநிலம் மட்டும் விலகி நிற்க முடியாதென்று கருதியது.

இந்நிலையில் 1950-ல் பார்லிமெண்டு, அஸ்ஸாமிலிருந்து குடியேறியோரை வெளியேற்றும் சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. இந்தியாவுக்கு வெளியே வசித்து வந்த ஒருவர் அஸ்ஸாமில் வந்து தங்கியிருப்பது பொதுமக்களின் நலனுக்கோ பழங்குடி மக்களின் நலனுக்கோ கேடு விளைவிக்குமெனக் கருதினால், அவரை வெளியேற்ற மத்திய அரசாங்கம் உத்தரவிடலாம். பாகிஸ்தான் பகுதியில் நேர்ந்த கலவரங்களுக்கு அஞ்சி வந்தோர்க்கு விலக்கு உண்டு. மத்திய அரசாங்கம் இந்த அதிகாரத்தை அஸ்ஸாம் அரசாங்க அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் வழி செய்யப்பட்டது. அதாவது, அதிகாரம் மத்திய அரசாங்கத்துடையது, கை மாநிலத்துடையது. அதே ஆண்டு ஏப்ரலில் நேருவும் லியாகத் அலி கானும் செய்துகொண்ட உடன்படிக்கை, சிறுபான்மையினர் தத்தம் வீடு திரும்பலாம் என்று உறுதி கூறிற்று. அதன்பின் வெளியேற்றும் சட்டம் பெரும்பாலும் உறங்கிவிட்டது. 1951-ல் ஜனத்தொகைக் கணக்கோடு சேர்த்து, வீடு வீடாகப் பெயர் எழுதிக் குடிமக்கள் தேசியப் பதிவேடு ஒன்று தயாரிக்கப்பட்டது. அந்த ஏட்டின் பக்கங்கள் எழுபது ஆண்டு கழித்து லட்சக்கணக்கானோரின் தலைவிதியை நிர்ணயிக்கும் என்று அன்று எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் சட்ட நுணுக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொதுவாகக் குற்றம் சாட்டுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் 1946-ஆம் ஆண்டின் அந்நியர் சட்டத்தில், ஒருவர் அந்நியரா அல்லரா என்ற கேள்வி எழுந்தால், தாம் அந்நியர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சாரும் என விதிக்கப்பட்டது. ஒருவர் எங்கே பிறந்தார் என்பது அவருக்கே நன்கு தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியாது என்பது இவ்விதிக்குச் சொல்லப்படும் காரணம். காரணம் பொருத்தமானதே. ஆயினும் வெள்ளத்தில் வீடும் பெட்டியும் போன ஓர் எழுத்தறியாத உழவன், தன் தந்தை பிறந்த ஊருக்குச் சான்று காட்டுவது எங்ஙனம்? 1960-களில் அஸ்ஸாம் போலீசார் சந்தேகத்துக்குரியோரைத் தேடிப் பிடித்து எல்லைக்கு அப்பால் அனுப்பலாயினர். அதில் இந்தியரும் சிக்குகின்றனர் என்ற முறையீடு எழுந்தது. 1964-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்து, அந்நியர் தீர்ப்பாயங்களை ஏற்படுத்திற்று. விசாரணையின்றி எவரையும் வெளியேற்றலாகாது என்பதே அதன் நோக்கம்.

1971-ல் வங்க தேசப் போர் மூண்டது. ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். போர் முடிந்தபின் மிகப் பெரும்பாலோர் திரும்பிச் சென்றனர். எனினும் அனைவரும் செல்லவில்லை என்ற ஐயம் அஸ்ஸாமில் ஆழப் பதிந்தது. 1978-ல் உதகமண்டலத்தில் நடைபெற்ற தேர்தல் அதிகாரிகள் மாநாட்டில், தலைமைத் தேர்தல் கமிஷனர் சக்தர் அவர்களே, வடகிழக்கில் அந்நியர் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறுவதாகக் கவலை தெரிவித்தார். அடுத்த ஆண்டு மங்கல்தோய் தொகுதியின் இடைத்தேர்தலுக்காகப் பட்டியலைத் திருத்தியபோது, ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு ஆட்சேபம் எழுந்தது. 1979 ஜூன் 8-ஆம் நாள் அனைத்து அஸ்ஸாம் மாணவர் சங்கம் கடையடைப்பு நடத்திற்று. ஆறாண்டுக் கிளர்ச்சி அன்று தொடங்கியது.

அக்கிளர்ச்சியின் தொடக்கத்தில் முழக்கம் ‘பஹிராகதர்’ என்போரை எதிர்த்து எழுந்தது. வெளியிலிருந்து வந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். மார்வாரி வியாபாரியும், பீகாரி கூலியும், பிற மாநிலத்து உத்தியோகஸ்தரும் அதில் அடங்கிவிடுவர் அன்றோ? இதை உணர்ந்த தலைவர்கள் விரைவிலேயே அச்சொல்லை விடுத்து, ‘விதேசி’, அதாவது அந்நிய நாட்டார், என்ற சொல்லை மேற்கொண்டனர். ஒரு சொல் மாறியதால் கிளர்ச்சியின் இலக்கே மாறிற்று. அரசியல் சட்டத்துக்கு முரணாகத் தோன்றிய கோரிக்கை, அதற்கு இசைந்த கோரிக்கையாயிற்று. அரசாங்க ஆணைகளை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ளோர்க்கு இதன் அருமை புலப்படும். அகதி, குடியேறியவர், ஊடுருவியவர், அந்நியர் என்ற நான்கு சொற்களும் ஒரே மனிதனைக் குறிக்கக்கூடும். ஆனால் அவனுக்குச் சோறு கிடைக்குமா, சிறை கிடைக்குமா என்பதை அச்சொற்களே தீர்மானிக்கின்றன.

கிளர்ச்சிக்கு நடுவே 1983 பிப்ரவரியில் சட்டசபைத் தேர்தல் நடத்தப்பட்டது. அதே மாதம் 18-ஆம் நாள் நெல்லியிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் கிழக்கு வங்காள வழிவந்த முஸ்லிம்கள் ஏறத்தாழ 2,000 பேர் ஒரே நாளில் கொலையுண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். அந்நியர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லத் தாமதித்தபோது, கூட்டம் தானே விடை எழுதிய நாள் அது.

அந்த ஆண்டின் இறுதியில் பார்லிமெண்டு, சட்ட விரோதக் குடியேறியோரைத் தீர்ப்பாயங்கள் மூலம் நிர்ணயிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இச்சட்டம் அஸ்ஸாமில் மட்டுமே நடைமுறையில் இருந்தது. மெய்ப்பிக்கும் பொறுப்பை இது தலைகீழாக மாற்றியது. அந்நியர் சட்டத்தில் சந்தேகிக்கப்பட்டவர் மெய்ப்பிக்க வேண்டும். புதிய சட்டத்திலோ அப்பொறுப்பு புகார் செய்பவர்மீதும் அரசாங்கத்தின்மீதும் விழுந்தது. சிறுபான்மையினரைத் துன்புறுத்தலினின்று காப்பதற்கு இது வேண்டும் என்றனர் ஆதரித்தோர். நாடு முழுவதற்கும் ஒரு சட்டம், பிரச்சினை மிகுந்த மாநிலத்துக்கு மட்டும் மென்மையான மற்றொரு சட்டமா என்று கேட்டனர் எதிர்த்தோர்.

1985 ஆகஸ்டு 15-ஆம் நாள், பிரதமர் ராஜீவ் காந்தியின் முயற்சியால் அஸ்ஸாம் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1966 ஜனவரி 1-க்கு முன் வந்தோர் குடிமக்களாகக் கொள்ளப்படுவர். அந்நாள் முதல் 1971 மார்ச் 24 வரை வந்தோரின் பெயர்கள் பத்தாண்டுக் காலம் வாக்காளர் பட்டியலினின்று நீக்கப்படும். அதற்குப் பின் வந்தோர் கண்டுபிடிக்கப்பட்டு வெளியேற்றப்படுவர். இதற்கிணங்கக் குடியுரிமைச் சட்டத்தில் ‘6-ஏ’ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு இல்லாத தேதி அஸ்ஸாமுக்கு மட்டும் அமைந்தது. கிளர்ச்சித் தலைவர்கள் அஸ்ஸாம் கண பரிஷத் என்னும் கட்சியை அமைத்து, டிசம்பர் தேர்தலில் வென்று, மாணவர் விடுதியிலிருந்து நேரே மந்திரி ஆசனங்களுக்குச் சென்றனர்.

இனி அவர்களே அரசாங்கம். போலீஸ் அவர்கள் கையில். மாவட்ட அதிகாரிகள் அவர்கள் ஆணைக்கு உட்பட்டோர். எனினும் தாங்கள் ஆறாண்டு போராடிக் கேட்டதை அவர்களால் நிறைவேற்ற முடியவில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் அதிகாரம் பார்லிமெண்டுக்கே இருந்தது. எல்லையில் வேலி அமைப்பது மத்திய அரசாங்கத்தின் பணி. வெளியேற்றப்படுவோரை ஏற்பதா என்பது வங்க தேசத்தின் விருப்பம். மாநில ஆட்சியைப் பிடித்துவிட்டால் இப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே தகர்ந்தது.

1983-ஆம் ஆண்டுச் சட்டம் பயன் தந்ததா? சுப்ரீம் கோர்ட்டின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி, 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விசாரணைகள் தொடங்கப்பட்டன. சட்ட விரோதமாகக் குடியேறியோர் என்று தீர்ப்பானவர் ஏறத்தாழ 10,000 பேர். உண்மையில் வெளியேற்றப்பட்டவர் 1,500 பேருக்கும் குறைவு. மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர் சர்பானந்த சோனோவால் தொடுத்த வழக்கில், 2005 ஜூலை 12-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு இச்சட்டத்தை ரத்து செய்தது. வெளியார் ஆக்கிரமிப்பினின்றும் உள்நாட்டுக் குழப்பத்தினின்றும் மாநிலங்களைக் காத்தல் மத்திய அரசாங்கத்தின் கடமை என்று கூறும் 355-ஆவது ஷரத்துக்கு அச்சட்டம் முரணானது என்பது தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர் பிற்காலத்தில் மாநிலத்தின் முதலமைச்சரும் ஆனார். மெய்ப்பிக்கும் பொறுப்பு மீண்டும் சந்தேகிக்கப்பட்டவர் தலைமேல் ஏறிற்று.

இந்தக் கணக்கை இரு சாராரும் இரு விதமாகப் படித்தனர் என்பதை மறைத்தல் ஆகாது. சட்டம் முடமானதால் அந்நியர் தப்பினர் என்றார் ஒருவர். தேடியும் கிடைக்கவில்லையெனில், சொல்லப்பட்ட எண்ணிக்கையே மிகையானது என்றார் மற்றவர். எண்ணிப் பார்த்துவிடுவதே தீர்வு என்ற கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. 1951-ஆம் ஆண்டின் பதிவேட்டைப் புதுப்பிக்கும் வேலை சுப்ரீம் கோர்ட்டின் மேற்பார்வையில் நடைபெறலாயிற்று.

2015-ல் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முற்பட்ட சான்று ஒன்றில் தம் பெயரோ முன்னோர் பெயரோ இருத்தல் வேண்டும். அம்முன்னோருடன் தமக்குள்ள உறவையும் வேறொரு சான்றால் காட்ட வேண்டும். விண்ணப்பித்தோர் 3,30,27,661 பேர். 2019 ஆகஸ்டு 31-ஆம் நாள் வெளியான இறுதிப் பட்டியலில் இடம் பெற்றோர் 3,11,21,004, விடுபட்டோர் 19,06,657. தந்தை ஏட்டிலும் மகன் வெளியிலுமாக நின்ற குடும்பங்கள் உண்டு. இளவயதில் மணமாகி வேற்றூர் சென்ற பெண்களுக்குப் பிறப்புச் சான்றும் இல்லை, பள்ளிச் சான்றும் இல்லை. பஞ்சாயத்துச் செயலர் கொடுத்த சான்றே அவர்களுக்கு ஆதாரம். அதனை ஏற்கலாகாது என்று ஹைகோர்ட்டு கூற, தக்க சோதனைக்குப் பின் ஏற்கலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒரு பெயரை வங்காள எழுத்திலிருந்து ஆங்கில எழுத்துக்கும், அங்கிருந்து அஸ்ஸாமிய எழுத்துக்கும் மாற்றுகையில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால், அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதே 2019-ஆம் ஆண்டில், இந்திய இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் தீர்ப்பாயத்தால் அந்நியரென்று அறிவிக்கப்பட்டுக் காவல் முகாமில் வைக்கப்பட்டார். ஹைகோர்ட்டு ஜாமீன் கொடுத்த பின்னரே வெளிவந்தார்.

இத்தனை பாடுபட்டுத் தயாரித்த பட்டியலை மாநில அரசாங்கமே திருப்தியுடன் ஏற்கவில்லை. அந்நியர் பலர் நுழைந்துவிட்டனர், உரியவர் பலர் விடுபட்டனர் என்று அது குறை கூறிற்று. அதே ஆண்டு டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்க தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தார்க்குக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. நாட்டின் பிற பகுதிகளில் இச்சட்டம் சமய வேறுபாடு காட்டுவதாக எதிர்க்கப்பட்டது. அஸ்ஸாமிலோ, எச்சமயத்தவராயினும் 1971-க்குப் பின் வந்தவரை ஏற்பதில்லை என்ற உடன்பாட்டை இது மீறுவதாக எதிர்க்கப்பட்டது. ஒரே சட்டத்தை எதிர்த்த இரு குரல்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை.

மாநிலங்களின் எதிர்வினை எப்போதும் வெளியேற்று என்பதாகவே இருந்ததில்லை. கிழக்குப் பாகிஸ்தானில் கப்தாய் அணையால் நிலமிழந்தும் கலவரத்துக்கு அஞ்சியும் வந்த சக்மா மக்களை, 1964 முதல் மத்திய அரசாங்கம் இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தியது. பின்னர் அங்குள்ள மாணவர் அமைப்பு அவர்களை வெளியேறக் கெடு விதித்தது. 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, குடிமகனாயினும் அல்லாதவனாயினும் ஒவ்வொரு மனிதனின் உயிருக்கும் அரசியல் சட்டத்தின் காப்பு உண்டென்றும், அவர்களைக் காப்பது மாநில அரசாங்கத்தின் கடமை என்றும் கூறிற்று. இதற்கு நேர்மாறாக, 2021-ல் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அகதி நிலை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரமில்லை, நுழைவோரைத் தடுக்கவும் என்று மத்திய உள்துறை எழுதியது. மிசோரம் முதலமைச்சர் சோரம்தங்காவோ, வருபவர் எம் உறவினர், அவர்களைப் புறக்கணிக்க இயலாது என்ற கருத்தில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு அச்சிறு மாநிலம் புகலிடம் தந்தது. 1983 முதல் இலங்கைத் தமிழர்களுக்குத் தமிழ்நாட்டில் முகாம்கள் அமைந்த வரலாற்றை நேயர்கள் அறிவர். வருபவர் தம்மவர் என்று தோன்றினால் மாநிலம் கதவைத் திறக்கிறது. பிறர் என்று தோன்றினால் அடைக்கச் சொல்கிறது. இரண்டு சந்தர்ப்பங்களிலும் சட்டம் ஒன்றே.

விவாதம் இன்னும் முடியவில்லை. 2024 அக்டோபர் 17-ஆம் நாள், ‘6-ஏ’ பிரிவு செல்லும் என்று ஐந்து நீதிபதிகளுள் நால்வர் தீர்ப்பளித்தனர், ஒருவர் மாறுபட்டார். 1950-ஆம் ஆண்டின் வெளியேற்றும் சட்டமும் உயிருடனிருப்பதை அத்தீர்ப்பு நினைவூட்டிற்று. 2025 செப்டம்பரில் அஸ்ஸாம் அமைச்சரவை, அப்பழைய சட்டத்தின்படி மாவட்ட அதிகாரிகளே வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கும் முறையை வகுத்தது; தம்மைக் குடிமகனென்று மெய்ப்பிக்கச் சந்தேகிக்கப்பட்டவர்க்குப் பத்து நாள் தவணை. அதே மாதம் 1-ஆம் நாள் முதல், 1946-ஆம் ஆண்டின் அந்நியர் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய குடியேற்றம் மற்றும் அந்நியர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினும், மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறவில்லை.

சோதனை அஸ்ஸாமுடன் நிற்கவுமில்லை. 2025-ல் பல மாநிலங்களின் போலீசார் வங்க தேசத்தவரைத் தேடியபோது, மேற்கு வங்காளத்திலிருந்து கூலி வேலைக்குச் சென்றிருந்த இந்தியரும் பிடிபட்டனர். மும்பையில் பிடிபட்ட முர்ஷிதாபாத் தொழிலாளர் சிலர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, மேற்கு வங்காள அரசாங்கம் தலையிட்ட பின்னர் மீட்டுக் கொணரப்பட்டனர். அவர்கள்மீது ஐயம் எழுவதற்கு அவர்கள் பேசிய வங்காளி மொழியே முதற் காரணமாயிருந்தது. 19-ஆவது ஷரத்து அளித்த உரிமை அவர்களிடம் இருக்கத்தான் செய்தது. அதைக் காட்டுவதற்கு அவகாசம்தான் இருக்கவில்லை.

இவ்வரலாற்றினின்று நாம் அறிவது யாது? மாநிலங்களின் முறையீடு பொய்யன்று. ஒரு சிறிய மொழிச் சமுதாயம், தன் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுவோமோ என்று அஞ்சுவதை வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. எல்லையைக் காக்கவும் வருபவரைப் பதிவு செய்யவும் தவறிய மத்திய அரசாங்கம், பின்னர் மாநிலத்தைப் பொறுமையாக இரு என்று சொல்வதும் பொருந்தாது. அதே சமயம், குடியுரிமையை மாநிலந்தோறும் ஒவ்வொரு விதமாக அளக்கத் தொடங்கினால், இந்தியக் குடிமகன் என்ற சொல்லுக்கே பொருளில்லாமற் போகும். ஆகவே மத்தியில் அதிகாரம் இருக்கட்டும். பாரத்தில் பங்கும் அங்கேயே இருக்க வேண்டும். நிலம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு எல்லை மாநிலங்கள் செய்யும் செலவை நாடு முழுவதும் பகிர்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மற்றொன்று. 1920-ன் கோடு முதல் 2025-ன் பத்து நாள் தவணை வரை, இரண்டு அரசாங்கங்களும் ஒன்றன்மேல் ஒன்று பழி சுமத்திய ஒவ்வொரு வேளையிலும், சுமை இறுதியில் வந்திறங்கியது சான்றில்லாத ஏழையின் தோளில். அவன் உண்மையிலேயே அந்நியனாக இருக்கலாம். அவ்வாறாயின் சட்டப்படி விசாரித்து, அவன் நாட்டுடன் பேசி, மனிதனுக்குரிய மதிப்புடன் அனுப்புவதே முறை. அவன் குடிமகனாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் தவறாக வெளியேற்றப்பட்ட ஒரு நாள்கூட அவனுக்குத் திருப்பித் தர இயலாதது. இவ்விருவரையும் பிரித்தறியத் தக்க நீதிமன்றமும், வழக்கறிஞரும், போதிய காலமும் தருவது அந்நியருக்குக் காட்டும் சலுகையன்று. பிற மாநிலத்தில் வாழும் நம் போன்ற லட்சக்கணக்கான குடிமக்கள் நாளை யாரேனும் நீ யார் என்று கேட்கும்போது அச்சமின்றி விடை சொல்வதற்கு அதுவே காப்பு.